டிசைனர் ட்ராக்சூட்டும் மருதமுனைச் சாரமும்

டிசைனர்கள் மலிவுக் கடைகளோடு சேர்ந்து விற்கும் விளையாட்டு உடுப்புப் பற்றிப் போன இதழில் இரண்டு வரிதான் எழுதினோம். தபாலில் வந்த கடிதங்களைப் பார்த்தால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எல்லோரும் உடுப்பு நிபுணர்கள்தான் போலிருக்கிறது. இந்த வாரம் வேறு கதை கிடையாது.

டிசைனரும் கடையும் ‘கொலபரேஷன்’ என்கிறார்களே, அதில் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள்?
*உயர்தர வகுப்பு மாணவன், தம்பிலுவில்*

டிசைனர் பெயரைக் கொடுப்பார். கடை விலையைக் குறைத்துக் கொடுக்கும். வாங்குகிறவர் நித்திரையைக் கொடுப்பார்; விடியப்புறமே வரிசையில் நிற்க வேண்டுமே. சுவீடன் நாட்டு எச் அன்ட் எம் கடை 2004 நவம்பர் 12ஆம் திகதி, ஷனெலின் கார்ல் லாகர்ஃபெல்டைக் கூட்டி வந்து இந்த ஆட்டத்தைத் தொடங்கியது. பல ஊர்களில் சில மணி நேரத்திலேயே அடுக்குகள் காலி. மறுகா ஸ்டெல்லா மக்கார்ட்னி, வெர்சாச்சி, இஸபெல் மரான் என்று ஆள் மாறி ஆள். 2014 நவம்பர் 6ஆம் திகதி வந்தவர்தான் உங்கள் கடிதங்களுக்கெல்லாம் காரணகர்த்தா: நியூயோர்க்கின் அலெக்சாண்டர் வாங். அந்த வரிசையில் வந்த முதல் அமெரிக்க டிசைனர். அப்போது பாரிஸின் பலென்சியாகாவுக்கும் தலைமை டிசைனர் அவர்தான். பட்டும் சரிகையும் வரும் என்று பார்த்திருந்தவர்களுக்கு அவர் கொண்டு வந்து கொட்டியது லெக்கிங்ஸ், பஞ்சு அடைத்த குளிர்ச் சட்டை, நீச்சல் கண்ணாடி, யோகாப் பாய், பொக்சிங் கையுறை. பெரும்பாலும் கறுப்பு.

மார்பில் பெரிய எழுத்தில் ‘வாங்’ என்று போட்ட சட்டையை நம்ம பசாரில் விற்க முடியுமா?
*ஜேர்சிக் கடைக்காரர், கல்முனை*

தாராளமாக, நானா. பக்கத்தில் ஒரு ‘க’ போட்டுவிட்டால் போர்ட் எழுதும் செலவும் மிச்சம்.

அந்த உடுப்பைப் போட்டு உண்மையிலேயே உடற்பயிற்சி செய்யலாமா, அல்லது படம் காட்டத்தானா?
*ஜிம்முக்குப் போகும் இளைஞர், அக்கரைப்பற்று*

ஸ்டொக்ஹோம் குளிரில் செய்யலாம் தம்பி. சுழியோடிகள் உடுப்பை நினைவூட்டும் தடித்த துணியில் தைத்த சட்டைகள் அதில் இருந்தன. சித்திரை மாதம் அக்கரைப்பற்றுச் சந்தியில் அதைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றாலே போதும். ஜிம்முக்குக் கட்டும் காசு மிச்சம்.

2014இல் எழுந்த வாய்ச்சண்டையும் இதைப் பற்றித்தான். வாங்கின் சொந்தக் கடைக்குள் விலைச்சீட்டைத் தொடவே பயந்தவர்கள், ‘எங்களுக்கும் ஒரு காலம் வந்தது’ என்று வரிசையில் நின்றார்கள். வியர்க்கிற வேலைக்கு உதவாத விளையாட்டு உடுப்பு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. பெயரை இவ்வளவு பெரிசாகப் போட்டதைப் பார்த்து, ‘காசும் கொடுத்து விளம்பரப் பலகையும் நாங்களே ஆவதா’ என்று சிரித்தவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால், அந்த மனுஷன் எதையும் கண்டுபிடிக்கவில்லை, கண் திறந்து பார்த்தார், அவ்வளவுதான். கனடாவின் லுலுலெமன் நிறுவனம் 1998இலேயே தொடங்கிவிட்டது. யோகா லெக்கிங்ஸ் வகுப்புக்கும் விமானத்துக்கும் சந்தைக்கும் போகத் தொடங்கி வருஷக்கணக்காகியிருந்தது. விளையாடாத ஆட்களுக்குத்தான் விளையாட்டு உடுப்பு அதிகம் விற்கிறது என்பதை அவர் ஒளிக்கவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

2016இல் அடிடாஸோடு சேர்ந்தார் பாருங்கள், அவர்களுடைய மூவிலைச் சின்னத்தையே தலைகீழாகத் திருப்பிவிட்டார். உலகம் கை தட்டியது. நம்ம ஊரில் சின்னம் தலைகீழாக வந்திருந்தால் ‘டுப்ளிகேட்’ என்று சொல்லிக் கடைக்காரர் முகத்திலேயே விட்டெறிந்திருப்போம்.

பெரிய டிசைனர் மலிவுக் கடையில் விற்றால் அவருடைய மதிப்புக் குறைந்துவிடாதா?
*ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சாய்ந்தமருது*

ஒரு காலத்தில் குறைந்தது. 1983இல் ஹோல்ஸ்டன் என்ற நியூயோர்க் பெருந்தலை ஜேசி பென்னி என்ற சாதாரணமானவர்களின் கடையோடு ஒப்பந்தம் போட்டார். உடனே பணக்காரர்களின் பேர்க்டோர்ஃப் குட்மன் கடை அவருடைய உடுப்புகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டது. அவர் செய்த அதே காரியத்தைச் சரியாக 21 வருஷம் கழித்து லாகர்ஃபெல்ட் செய்தார். அவருக்குக் கிடைத்தது மாலை மரியாதை. கல்யாணத்தில் மட்டுமில்லை ஐயா, ஃபேஷனிலும் நேரகாலம் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாங்கியதைப் போடாமல் மறுபடி விற்கிறார்களாமே?
*பல்கலைக்கழக மாணவி, ஒலுவில்*

ஆமாம் தங்கச்சி. 2014இலும் நடந்தது. 2015இல் எச் அன்ட் எம் பல்மானோடு சேர்ந்தபோது கடை வாசலில் தள்ளுமுள்ளு, உள்ளே இழுபறி. அன்றைக்கே இணையத்தில் பல மடங்கு விலை. பெருநாள் நெருங்கும்போது கோழி விலையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? விஷயம் அதேதான், கோழிக்கு லேபல் இல்லை.

முழுக்க மூடிய விளையாட்டு உடுப்பு இந்தப் பெரிய கம்பெனிகளின் கண்ணில் எப்போதுதான் பட்டது? எங்கள் பிள்ளைகள் எவ்வளவு காலமாக ஓடுகிறார்கள்!
*உடற்கல்வி ஆசிரியை, பொத்துவில்*

ரொம்பப் பிந்தித்தான், டீச்சர். அவுஸ்திரேலியாவில் லெபனான் வம்சாவளிப் பெண் அஹீதா ஸனெற்றி ‘புர்கினி’ நீச்சல் உடையை 2004இல் உருவாக்கினார். தலையை மூடிக்கொண்டு காற்பந்து விளையாட ஃபீஃபா 2014இல்தான் அனுமதி கொடுத்தது. வாங்கின் உடுப்பு கடைக்கு வந்த அதே வருஷம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாபோடு வாள்வீசி அமெரிக்காவுக்கு அணிப் பதக்கம் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு, 2017இல், நைக்கி விளையாட்டு ஹிஜாபைச் சந்தைக்கு விட்டது. ஏதோ அன்றைக்குத்தான் முஸ்லிம் பெண்கள் ஓடப் பழகினார்கள் என்பது மாதிரி ஒரு விளம்பரச் சத்தம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இங்கே பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நீளக் காற்சட்டை, அதற்கு மேலே முழுக்கை ரீசேர்ட், அதற்கும் மேலே இல்லத்தின் நிறம். தலைத்துணியில் நாலைந்து குண்டூசி. நூறு மீற்றர் ஓடி முடிய ஒரு கையால் நெஞ்சைப் பிடிப்பாள், மறு கையால் குண்டூசி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். அந்தக் குண்டூசியை இல்லாமல் செய்ய உம்மாமார் தையல் மெஷினில் இலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். அவர்களோடு எந்தக் கடையும் கூட்டுச் சேரவில்லை. உங்கள் பக்கத்து அறுகம்பேயில் 2018இல் பெண்களுக்கென்றே ஒரு அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்களே, நாட்டிலேயே முதலாவது. டிசைனர்மார் படம் வரைய முதல் அங்கே வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எங்களுடையது தறிக் குடும்பம். இந்தியாவில் ஒரு பெரிய டிசைனர் இப்படிக் கூட்டுச் சேர்ந்ததற்குக் கைவினைக்காரர்கள் கோபித்தார்களாமே, ஏன்? இலவச விளம்பரம்தானே?
*நெசவாளர், மருதமுனை*

சப்யசாச்சி முகர்ஜியைச் சொல்கிறீர்கள், நானா. கல்கத்தாக்காரர். பெரிய நடிகைகளின் கல்யாண உடுப்பு அவருடைய கைவேலை. எச் அன்ட் எம்மோடு 2020 ஏப்ரலில் வரவேண்டிய அவருடைய உடுப்புகள் கொரோனாவால் பிந்தி 2021 ஓகஸ்ட் 12ஆம் திகதிதான் வந்தன. அந்தக் கடை முதன்முதலாக விற்ற சேலையும் அதில் இருந்தது: 9,999 இந்திய ரூபாய். நிமிஷக் கணக்கில் முடிந்தது. கிடைத்தவர்கள் படம் போட்டார்கள், கிடைக்காதவர்கள் இணையத்தளத்தைத் திட்டினார்கள், ‘அச்சடித்த துணிக்கா இந்த விலை?’ என்று மூன்றாவது கூட்டம்.

இதற்குள் கைவினை அமைப்புகள் பல சேர்ந்து அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. ஜெய்ப்பூருக்குப் பக்கத்திலே சாங்கனேர் என்று ஓர் ஊர். மரக்கட்டையில் பூவும் கொடியும் செதுக்கி, சாயத்தில் தோய்த்து, துணியில் குத்திக் குத்தி அச்சிடுவார்கள். அந்த அச்சுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் இருக்கிறது. இவருடைய உடுப்பில் அந்தச் சாயல் இருந்தது, அந்தக் கைகள் இல்லை, மெஷின் அச்சு. இந்தியக் கைவினையின் பெயரால் உலகமெல்லாம் விற்றவர், அந்த வேலையில் ஒரு பங்கை அந்த ஊருக்குக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் அவர்களின் ஆதங்கம். இந்திய டிசைனை உலக வரைபடத்தில் ஏற்றுவதுதான் நோக்கம், கைவேலைக்கு என்னுடைய சொந்த நிறுவனம் இருக்கிறது என்ற பாங்கில் அவர் பதில் சொன்னார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம். கட்டையால் குத்துகிற வேகத்தில் உலகக் கடைகளை நிரப்ப முடியாது. ஆனால் நானா, மெஷின் துணியை மெஷின் துணி என்று சொல்லி விற்றிருந்தால் ஒருவரும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். கதையைக் கைவினையிலிருந்து எடுத்து, கூலியை வேறிடத்தில் கொடுத்ததுதான் பிரச்சினை. விளம்பரம் என்கிறீர்கள். பெயர் சொல்லாமல் செய்கிற விளம்பரத்தால் யாருடைய அடுப்பு எரியும்?

அப்படியென்றால் நாளைக்கு ஒரு டிசைனர் வந்து மருதமுனைச் சாரத்தில் ட்ராக்சூட் தைக்கக் கேட்டால், நாங்கள் ‘மாட்டோம்’ என்று சொல்வதா?
*அதே நெசவாளர், அதே கடிதத்தின் பின்பக்கம்*

ஐயோ, பிளேன்டீ கொடுத்து உட்கார வையுங்கள்! மறுகா பேசுங்கள்.

முதலில் அவருக்குத் தறியில் நெடுக்கே ஓடுகிற பாவைக் காட்டுங்கள். கட்டம் போட்ட சாரத்தின் டிசைன் காகிதத்தில் பிறப்பதில்லை. எத்தனை இழை நீலம், எத்தனை இழை வெள்ளை, நடுவிலே எத்தனை இழை மெரூன் என்று பாவு ஓட்டும்போதே எண்ணி வைக்கிறவர்தான் டிசைனர். அங்கே ஓர் இழை பிசகினால் அந்தப் பாவில் நெய்கிற கடைசிச் சாரம் வரைக்கும் அந்தப் பிழை கோடு மாதிரி ஓடும். குறுக்கே ஓடுகிற ஊடையை நெய்து கொண்டு போகும்போதும் அதே கணக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் சதுரமாக வராமல் நீட்டி முழக்கிக்கொண்டு நிற்கும். இதை மனக்கணக்காகச் செய்கிற ஆளிடம் ஒருவர் வந்து ‘நான் டிசைனர்’ என்று சொன்னால், ‘நல்லது, நானும்தான்’ என்று பதில் சொல்ல உங்களுக்கு உரித்து இருக்கிறது.

நல்ல கூட்டுக்கு நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையத்துப் பெண்களுக்கு டிசைன் செய்து கொடுக்கப் போன பார்பரா சன்சோனி, 1964இல் ‘பெயார்ஃபுட்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்கு நிறம் தெரியும், அந்தப் பெண்களுக்குத் தறி தெரியும். துணி கடைசி வரைக்கும் கைத்தறியாகவே இருந்தது. அவர் 2022இல் காலமான பிறகும் கொழும்பில் அந்தக் கடைக்கு ஆள் குறையவில்லை.

ஆகவே வருகிறவரிடம் மூன்றைக் கேளுங்கள். நூலுக்கும் சாயத்துக்கும் முற்பணம், ஏனென்றால் டொலர் ஏறினால் நூல் ஏறும் என்பதை 2022இல் பட்டே படித்தோம். தறி ஓடுகிற வேகத்துக்கு ஏற்ற தவணை. லேபலில் ஊரின் பெயர். மூன்றாவதுக்குத்தான் அவர் அதிகம் தயங்குவார், காசு செலவில்லாதது அதுதான் என்றாலும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீட்டோடு தறியையும் கொண்டு போன பிறகு, மறுபடி மரம் வெட்டிச் சட்டம் பூட்டி உட்கார்ந்த ஊர் அது. லேபலில் ஒரு வரி கேட்டால் அது பேராசையாகாது.

நான் கட்டுநாயக்காவில் ஏழெட்டு வருஷம் கார்மெண்ட்ஸில் வேலை செய்தேன். ஸ்போர்ட்ஸ் உடுப்பு லைன். நான் தைத்ததை ஒரு நாளும் கடையில் கண்டதில்லை. அதெல்லாம் எங்கே போகிறது அண்ணா?
*ஒரு தங்கை, திருக்கோவில்*

உங்களுடைய அனுபவம் எனக்கில்லை தங்கச்சி. ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

கட்டுநாயக்க வலயம் 1978இல் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசா இருநூறு கார்மெண்ட் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு போனார். அந்தக் காலத்தில் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று உலகம் கோட்டா வைத்திருந்தது. நமக்கும் ஒரு பங்கு நிச்சயமாகக் கிடைத்தது. 2005 ஜனவரி 1ஆம் திகதி கோட்டா போனதும் இலங்கை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார்கள். நடக்கவில்லை. மலிவான ரீசேர்ட்டில் வங்காளதேசத்தோடு மோதாமல், தைக்கக் கஷ்டமானதை நம்ம ஆட்கள் கையில் எடுத்தார்கள்: உள்ளாடை, நீச்சலுடை, ஸ்போர்ட்ஸ் உடுப்பு. 1987இல் மூன்று சகோதரர்கள் தொடங்கிய மாஸ் நிறுவனம் இன்றைக்கு நைக்கிக்கும் லுலுலெமனுக்கும் தைக்கிறது. உங்கள் கைவேலை நியூயோர்க்கில், டொரொன்டோவில் எங்கேயோ யோகா செய்துகொண்டிருக்கும்.

அது சும்மா தையலும் அல்ல. சாதாரணச் சட்டையின் மூட்டுப் போல லெக்கிங்ஸின் மூட்டு உள்ளே தடித்திருந்தால் ஓடுகிறவளின் தொடை உரசிப் புண்ணாகும். அதனால்தான் பிளாட்லொக்: நான்கு ஊசி, ஆறு நூல், இரண்டு துணி விளிம்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும். துணியோ இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கொஞ்சம் கூடுதலாக இழுத்துத் தைத்தால் மூட்டு அலை அலையாகிவிடும், தரம் பார்க்கிற கியூசி அக்கா திருப்பி அனுப்புவார். மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் போர்டில் டார்கெட் வேறு. நியூயோர்க்கில் ஒருவர் கறுப்புப் பென்சிலால் கீறுகிற அந்த வழுக்கும் கோடு, கடைசியில் உங்கள் இரண்டு பெருவிரல்களுக்கு நடுவில்தான் உடுப்பாகிறது.

வங்காளதேசத்தில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தது 2013 ஏப்ரல் 24ஆம் திகதி. வாங்கின் உடுப்புக்கு வரிசையில் நின்றது அதற்கு ஒன்றரை வருஷம் பிந்தி. 2013இலேயே எச் அன்ட் எம் தனக்குத் தைக்கிற தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. அதற்கு மற்றக் கம்பெனிகள் பல தயங்கிக்கொண்டிருந்த காலம், ஆகவே பாராட்டத்தான் வேண்டும். பட்டியலில் கட்டடத்தின் பெயர் உண்டு, விலாசம் உண்டு. உங்கள் பெயருக்கு அதில் பத்தி கிடையாது.

லேபல் வெட்டிய ‘எக்ஸ்போர்ட்’ சட்டையை வாங்குவது பாவமா?
*மூன்று பிள்ளைகளின் வாப்பா, நிந்தவூர்*

பாவம் புண்ணியம் மௌலவியிடம் கேளுங்கள். தையலைப் பற்றி என்னிடம் கேளுங்கள்: கழுத்தில் லேபல் வெட்டிய நூல் தெரிகிறது, துணி நல்லது, ஒரு கை மட்டும் கொஞ்சம் நீளம் என்றால் அசல். இரண்டு கையும் கன கச்சிதம், லேபலும் பளபள என்றால் யோசியுங்கள்.

அமெரிக்கா வரியைக் கூட்டினால் எங்கள் ஊருக்கு என்ன?
*ஓட்டோ சாரதி, காரைதீவு*

2025 ஏப்ரலில் நமக்கு 44 வீதம் என்று அறிவித்து, ஓகஸ்டில் 20க்கு இறக்கினார்கள். இடையில் அந்த நாலு மாதமும் கார்மெண்ட்ஸ் முதலாளிமார் தூங்கவில்லை. அவர்களுக்கு ஓடர் குறைந்தால் ஓவர்டைம் குறையும், ஓவர்டைம் குறைந்தால் மகள் வீட்டுக்கு அனுப்புகிற காசு குறையும், அது குறைந்தால் உங்கள் ஓட்டோவை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போவார்கள். வொஷிங்டன் காரைதீவுச் சந்திக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறது.

கடலில் பொறுக்கிய பிளாஸ்டிக்கில் நம்ம கிரிக்கெட் அணிக்கு ஜேர்சி தைத்தார்களாமே, கதையா?
*எட்டாம் வகுப்பு மாணவி, தம்பட்டை*

மெய்தான் மகள். 2019 உலகக் கிண்ணத்துக்கு மாஸ் தைத்தது. கடற்படை சேர்த்துக் கொடுத்த பிளாஸ்டிக்கை நூலாக்கி நெய்தார்கள், ஜேர்சியில் கடலாமையும் போட்டார்கள். பார்க்கவும் நல்ல வடிவு. லீட்ஸில் இங்கிலாந்தை 20 ஓட்டங்களால் விழுத்திய அன்றைக்கு அந்த ஆமை முயலை முந்தியது. மொத்தத்தில் ஆறாம் இடம்.

ட்ராக்சூட்டோடு கோயிலுக்கு வருகிற பொடியன்களை என்ன செய்வது?
*கோயில் தொண்டர், திருக்கோவில்*

வேட்டி கட்டிக்கொண்டு உள்ளே வரச் சொல்லுங்கள், வெளி வீதியில் விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்று. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் வருஷா வருஷம் நம்ம சித்திரவேலாயுதர் வாசலைத் தாண்டி, பொத்துவில், உகந்தை, குமுனைக் காடு என்று நடக்கிறார்களே, யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற கிழவிமாரும் அதில் உண்டு. தலையில் பொட்டளி, காலில் ஒன்றுமில்லை. சப்பாத்துக் கம்பெனிக்காரர் அந்தப் பாதங்களை ஒரு தடவை பார்த்தால் விளம்பரத்தை மடித்து வைத்துவிடுவார்கள்.

எங்கள் கழகத்துக்குப் புது ஜேர்சி அடிக்கிறோம். அனுசரணை ஒரு ஹாட்வெயார்க் கடை, ஒரு பேக்கரி, லண்டனில் இருக்கிற ஒரு மச்சான். டிசைன் யார் சொல்வதை எடுப்பது?
*விளையாட்டுக் கழகச் செயலாளர், கோமாரி*

இதுதான் தம்பி அசல் கொலபரேஷன்! ஹாட்வெயார் முதலாளி முதுகு முழுக்கக் கேட்பார், பேக்கரி நெஞ்சைக் கேட்கும், லண்டன் மச்சான் ஆர்சனல் நிறம் கேட்பார். ஜேர்சி அடிக்கிற பொடியனின் கொம்பியூட்டரில் நிறத்துக்குக் குறைவில்லை, ஆகவே எல்லோருக்கும் ‘சரி’ என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் கழகத்தின் பெயருக்கு ஒரு கைப்பக்கமாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பத்தாம் இலக்கத்தை மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆறு பேர் கேட்டிருப்பார்கள், அதில் இரண்டு பேர் விளையாடவே வருவதில்லை.